கொட்டிய மண்ணில் ஒரு கூடாரம்

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் அடித்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். மேலே மணல் பொலபொலவென்று இருக்கும். கூடார ஆணி நாலு விரல்கடை வரை சுளுவாக இறங்கும். அதற்குப் பிறகு அசையாது. செருப்பைக் கழற்றி அதன் அடியால் தட்டுவோம், சரிப்படாது. அக்கம்பக்கத்துக் கூடாரத்தில் சுத்தியல் இரவல் வாங்கி அடிக்க வேண்டிவரும். மறுநாள் காலையில் பிடுங்கிப் பார்த்தால் ஆணியின் முனையில் காவியும் மஞ்சளும் கலந்த களிமண் பிசினாக ஒட்டியிருக்கும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்த மண்ணைக் கிள்ளியெடுத்து, "அம்மா, பீச்சுக்கு அடியில எப்படிம்மா தோட்டத்து மண்ணு வந்துச்சு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான பதிலில்தான் இந்தப் பூங்காவின் வரலாறு முழுக்க இருக்கிறது. அது கடற்கரை மண்ணே கிடையாது. பிடோக்கிலும் சிக்லாப்பிலும் இருந்த குன்றுகளை வெட்டிக் கொண்டுவந்து கடலில் கொட்டிய மண். நாங்கள் படுத்துத் தூங்கிய இடத்தில் 1966க்கு முன்பு மீன் நீந்திக்கொண்டிருந்தது.

சுமார் 185 ஹெக்டர் பரப்பும் 15 கிலோமீட்டர் நீளமும் கொண்ட இந்தப் பூங்காவில் ஒரு பிடி நிலம்கூட இயற்கையாக அமைந்ததில்லை. ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடம் இது. சைக்கிள் ஓட்டுபவர்கள், ரோலர் ஸ்கேட் சறுக்குபவர்கள், தூண்டில் போடுபவர்கள், விறகுக்கரி வாங்கிவந்து கோழி வாட்டுபவர்கள், ஒன்றும் செய்யாமல் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் என்று எல்லாருக்கும் இங்கே இடமுண்டு. இன்னும் சில பத்தாண்டுகளில் இதே கரைக்கு முன்னால் மறுபடியும் கடலைத் தூர்க்கப்போகிறார்கள். அந்த இரண்டாவது மாற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதல் மாற்றத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்று பார்த்துவிட்டு வரவேண்டும்.

பழைய கரை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. காத்தோங் பூங்காவுக்குப் போய் நின்றால் போதும். இன்று அதைச் சுற்றி அடுக்குமாடிகளும் எம்ஆர்டி ரயில் நிலையமும்தான். போருக்கு முன்பு அங்கே கடலுக்குள் வேலி நட்டுக் குளிப்பதற்கென்று ஒரு நீச்சல் இடம் வைத்திருந்தார்கள். அந்தப் பூங்காவின் புல்லுக்கடியில் 1879ல் பிரிட்டிஷார் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் சுவர்கள் புதைந்து கிடக்கின்றன. கடல்வழி வரும் பகைவரைச் சுடுவதற்காகக் கட்டிய கோட்டை. இப்போது அதன் எதிரே இருப்பது விரைவுச்சாலை.

அந்நாளைய காத்தோங் கரையில் பணக்காரர்களின் கடலோர பங்களாக்கள் வரிசையாக நின்றன. மேயர் ரோடு, அம்பர் ரோடு பக்கம் இருந்த வீடுகளில் பின்வாசல் படியிறங்கினால் கடல். தள்ளிக் கிழக்கே போகப்போக சிக்லாப், பிடோக் பகுதிகளில் மலாய் மீனவக் கம்பங்களும், அதாவது கிராமங்களும், தென்னந்தோப்புகளும் இருந்தன. சற்று உள்ளே சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய செண்பக விநாயகர் கோயில் 1875லிருந்து இருக்கிறது. குளத்தங்கரையில் ஒரு செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கிடைத்ததாகத் தல வரலாறு சொல்லும். நம்மவர்களுக்கும் அந்தக் கரை புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, அன்றைய கிழக்குக் கரையில் கடலைத் தொட வேண்டுமென்றால் ஒன்று கடலோரத்தில் சொந்த வீடு இருக்கவேண்டும், அல்லது மீன்பிடிக் கம்பத்தில் பிறந்திருக்க வேண்டும். குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்துவர நினைக்கும் ஊர்க்காரருக்கென்று இருந்த பொதுக்கரை மிகச் சொற்பம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

1963ல் பிடோக்கில் 48 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 19 ஹெக்டர், சோதனை முயற்சியாகக் கடலைத் தூர்த்தார்கள். அது கைகூடியதும் 1966ல் பெரிய திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக). வீடு கட்டும் அமைப்பு கடலில் ஏன் இறங்கியது என்று தோன்றலாம். அன்றைய சிங்கப்பூருக்கு வேண்டியது வீட்டுமனை. ஊருக்குள் இருந்த குன்றுகளைச் சமப்படுத்தினால் அங்கேயும் வீடு கட்டலாம், அந்த மண்ணைக் கடலில் கொட்டினால் அங்கேயும் கட்டலாம். ஒரே மண்ணில் இரண்டு நிலம். இராட்சதச் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் குன்றைச் சுரண்ட, அந்த மண் நீளமான ஓடுபட்டைகளில் கரைவரை ஊர்ந்து வந்தது. ஏழு கட்டங்களாக 1980களின் நடுப்பகுதிவரை நடந்த வேலையில் மொத்தம் 1,525 ஹெக்டர் நிலம் உருவானது. மரின் பரேட் வீவக குடியிருப்பு, மரினா சென்டர், மரினா சவுத் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான்.

இதற்குள் ஒரு சட்டச் செய்தி ஒளிந்திருக்கிறது. அதிகம் பேசப்படாத செய்தி என்றாலும் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடலோர வீட்டுக்காரரின் முன்னால் அரசாங்கம் மண்ணைக் கொட்டினால், அவர் வீடு கடலோர வீடாக இல்லாமல் போய்விடும், மதிப்பு இறங்கும். பழைய சட்டப்படி அதற்கு அவர் இழப்பீடு கேட்கலாம். 1960களில் கரையோர நிலச் சட்டத்தைத் திருத்தி, கடல்முகப்பு பறிபோனதற்காக இழப்பீடு கேட்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய வேலைக்குக் கட்டுப்படியாகியிருக்காது. கடல்முகப்பு என்பது தனியார் சொத்தின் பகுதி என்ற நிலை மாறி, ஊருக்குப் பொதுவானதாயிற்று.

இதில் அடிபட்டவர்கள் பங்களாக்காரர்கள் மட்டும் இல்லை. மீனவக் கம்பங்களும் கடலை இழந்தன. பங்களாக்காரருக்குப் போனது காற்றும் காட்சியும். மீனவருக்குப் போனது பிழைப்பு. படகை வாசலில் கட்டியவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்து வேறு வேலை தேடவேண்டியிருந்தது. பூங்காவின் பெருமையைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

நிலத்தைத் தூர்த்தபின் அதன் விளிம்பை என்ன செய்வது என்ற முடிவு வருகிறது. கடலோரம் என்பதால் விலை மதிப்பு மிக்க விளிம்பு. அங்கே கடல்பார்த்த மாடிவீடுகளைக் கட்டி விற்றிருக்கலாம். தொழிற்கூடங்களுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கரை நெடுகப் பூங்காவாக விட்டார்கள். 1970களில் திறந்துவிடப்பட்ட அந்தப் பூங்காதான் இன்று நாம் பாய் விரிக்கும் இடம். நிலத்துக்குத் தவமிருந்த ஒரு சின்ன ஊர், புதிதாகக் கிடைத்த நிலத்தின் ஆகச்சிறந்த ஓரத்தை நுழைவுக்கட்டணம் இல்லாமல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நான் நன்றியோடிருக்கிறேன்.

மண்ணைக் கொட்டினால் மட்டும் கரை ஆகிவிடுமா? ஆகாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் தினமும் கண்ணால் பார்த்தும் கவனிக்காத விஷயம் இது.

அலை கரைக்கு நேராக வந்து மோதுவது அபூர்வம். சற்றுச் சாய்வாகத்தான் வரும். மேலேறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு ஏறும், இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இறங்கும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் பொடி பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். நாள் முழுக்க, ஆண்டு முழுக்க இது நடந்தால் கரையே இடம்பெயரும். சென்னைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரித்தது.

ஈஸ்ட் கோஸ்டில் புதிதாகக் கொட்டிய மண்ணை அப்படியே விட்டிருந்தால் அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருக்கும். நெடுஞ்சுவர் எழுப்பித் தடுக்கலாம். ஆனால் சுவரில் மோதும் அலை அடியிலுள்ள மணலையும் தோண்டி எடுத்துவிடும். பிறகு கால் நனைக்கவும் முடியாது. பொறியாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். கரையோரமாக இடைவெளி விட்டு விட்டுப் பாறை முனைகளைக் கட்டினார்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே வரும் அலை, முனையைச் சுற்றி வளைந்து விசிறிபோல் விரியும். அதற்கேற்ப மணலும் பிறைநிலா வடிவில் தானே ஒதுங்கும். கரையின் வளைவும் அலையின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போனால் மணல் பக்கவாட்டில் ஓட அவ்வளவாக வேலையில்லை. இயற்கையில் இரண்டு பாறை முனைகளுக்கிடையே குடாக்கரைகள் உருவாகும் விதத்தைப் பார்த்துச் செய்தது.

அடுத்த முறை போகும்போது கற்குவியல் ஒன்றின்மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். பிறை, முனை, பிறை, முனை என்று கரை போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் மணல்வீடு கட்டும் இடம் எப்போதும் பிறையின் நடுவில்தான் அமையும். தண்ணீர் அமைதியாக இருப்பது அங்கேதான். வற்றிய நேரத்தில் கற்களின் அடிப்பகுதியில் நத்தையும் நண்டும் கடற்பாசியும், சில இடங்களில் பவளமும்கூட ஒட்டி வளர்ந்திருப்பதைக் காணலாம். மனிதன் கொண்டுவந்து போட்ட கல்லைக் கடல் தன்னுடையதாக்கிக்கொண்டது.

அப்படியும் அரிப்பு முழுதாக நிற்கவில்லை. உயர் ஓதமும் (கடலேற்றமும்) காற்றும் சேரும் நாட்களில் அலை மரத்தடிவரை ஏறும். ஒரு முழ உயரத்துக்குக் கரை செங்குத்தாக வெட்டுப்பட்டு, தென்னை வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் பெரிய மணல் பைகளை அடுக்கித் தாங்கு கொடுத்திருக்கிறார்கள். கையால் செய்த கரையைக் கையால்தான் காப்பாற்றவேண்டும். அதற்கு ஆளும் பணமும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும்.

மரங்களும் அப்படித்தான். உப்புக்காற்று, சத்தில்லாத கொட்டுமண். முதலில் அங்கே தாக்குப்பிடிக்கக்கூடிய மரங்களில் சவுக்கு முக்கியமானது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்து மண்ணுக்குச் சத்தேற்றும் குணம் அதற்கு உண்டு. பிறகு தென்னை, நாட்டுவாதுமை, தூங்குமூஞ்சி என்று வந்தன. அரை நூற்றாண்டில் அவை இவ்வளவு அடர்த்தியாக வளர்ந்துவிட்டதால்தான் இது ஆதிமுதல் இருந்த கடற்கரை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

பூங்காவுக்கு ஒரு குறை உண்டு. அதன் முதுகில் விரைவுச்சாலை ஓடுகிறது. 1981ல் முழுதாகத் திறக்கப்பட்ட ஈசிபி எனப்படும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே, சாங்கி விமான நிலையத்தையும் நகரத்தையும் இணைக்கிறது. விமானத்திலிருந்து இறங்கும் விருந்தாளி முதலில் மரங்களையும் கடலையும் பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் மரின் பரேட் அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர் கடலுக்குப் போகவேண்டுமென்றால் சாலைக்கடியில் குனிந்து செல்லும் சுரங்கப்பாதையைத் தேடவேண்டும். கார் இல்லாத குடும்பம் கூடாரம், பனிப்பெட்டி, பாய், பாத்திரம் எல்லாம் தூக்கிக்கொண்டு பேருந்து மாறி வந்து, அப்புறம் சுரங்கப்பாதை நடந்து, கடைசியில் மணலில் இழுத்துப்போவது சாதாரண வேலையில்லை. 2024 ஜூன் மாதம் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் நான்காம் கட்டம் திறந்து, காத்தோங் பூங்கா, மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் என்று நிலையங்கள் வந்தபிறகு நிலைமை மாறியிருக்கிறது. திறந்து ஐம்பது ஆண்டு நெருங்கும்போது ரயில் வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்ததே.

பூங்காவுக்குள் இருக்கும் வசதிகள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தன. 1977ல் திறந்த பிக் ஸ்பிளாஷ் நீர்ச்சறுக்கு மையத்தின் வண்ணச் சறுக்குகளை ஐம்பதைத் தாண்டிய சிங்கப்பூரர் யாரிடம் கேட்டாலும் கை அகல விரித்து வருணிப்பார். அது போய்விட்டது. அந்த இடத்தில் 2021ல் கோஸ்டல் பிளேகுரோவ் என்ற விளையாட்டிடம் வந்தது. 16 மீட்டர் உயரக் கோபுரம், அதிலிருந்து சறுக்குகள். முன்னது சீட்டு வாங்கிப் போன இடம், பின்னது இலவசம். உணவங்காடி நிலையம் மட்டும் 1970களிலிருந்து கடலைப் பார்த்தபடி புகைந்துகொண்டே இருக்கிறது. சாத்தே, கரியில் வாட்டிய கோழி இறக்கை, வாழையிலையில் சம்பல் தடவிச் சுட்ட திருக்கை மீன். இதில் திருக்கைக்கு வரிசையில் நிற்பது தகும் என்பது என் கருத்து.

கூடாரத்துக்கு வருகிறேன். கூடாரம் அடிப்பதற்கென்று பூங்காவின் டி, ஜி ஆகிய பகுதிகளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையம்வழி அனுமதி பெறவேண்டும், அதற்குக் கட்டணமில்லை. கரி மூட்டிச் சமைக்கும் இடங்களுக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்யவேண்டும். கண்ட இடத்தில் தீ மூட்டக்கூடாது. அனுமதியில்லாமல் கூடாரம் அடித்தால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். ஒருவர் மாதம் முழுக்க அங்கேயே தங்கிவிட முடியாதபடி நாட்களுக்கும் வரம்பு இருக்கிறது.

ஒரு ராத்திரி கடலோரம் படுக்க இத்தனை விதிகளா என்று வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு வேதனையான செய்தி இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வீட்டை இழந்த குடும்பங்கள் சில, கடலோரப் பூங்காக்களில் கூடாரம் அடித்து வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வாழ்ந்தன. வீட்டை விற்றுக் கடன் அடைத்தவர்கள், குடும்பச் சண்டையில் வெளியேறியவர்கள், வாடகை கொடுக்க முடியாதவர்கள். காலையில் பிள்ளைகள் பொதுக் குளியலறையில் குளித்துச் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அப்போது நாளிதழ்களிலும் இது வெளிவந்தது. கண்காணிப்பு இறுகியபின் அப்படிப்பட்ட கூடாரங்கள் மறைந்தன.

விதி தேவைதான், நான் மறுக்கவில்லை. பொதுவிடத்தை யாரும் தமதாக்கிக்கொள்ளக் கூடாது. அதேசமயம் அனுமதியைச் சரிபார்க்க வரும் அதிகாரி, கூடாரத்துக்குள் தட்டுமுட்டுச் சாமான்களையும் பள்ளிப்பையையும் பார்த்தால், அபராதச் சீட்டுக்கு முன்னால் சமூக சேவை அலுவலகத்தின் எண்ணைத்தான் எடுக்கவேண்டும். பொழுதுபோக்கவும் தஞ்சம் புகவும் ஒரே துணிக்கூடாரம்தான் பயன்படுகிறது. வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கோவிட் காலத்தில் கூடார அனுமதியும் கரி மூட்டும் இடங்களும் நிறுத்தப்பட்டபோதுதான் எங்கள் வீட்டில் இதன் அருமை புரிந்தது. மூன்றறை வீட்டில் ஆறு பேர். பள்ளி விடுமுறைக்கு வெளிநாடு போக வசதியில்லாதவர்களுக்கு இந்தக் கரைதான் வெளிநாடு. இரவில் கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் எதிரே ஓர் ஊர்போல் மின்னும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாங்கிக்கு இறங்கும் விமானம் தலைக்குமேல் போகும். அலைச்சத்தமும் ஈசிபியின் லாரிச்சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்கும். கொஞ்ச நேரத்தில் எது எது என்று பிரித்தறிய முடியாமல் தூக்கம் வந்துவிடும்.

இந்தக் கடல் நீலமாக இராது. பழுப்பும் பச்சையும் கலந்திருக்கும். உலகின் மிக நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்று எதிரே ஓடுகிறது, அடிவண்டல் எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குப்பையும் இந்தப் பக்கம் அதிகம் ஒதுங்கும். நாம் எழுந்திருக்கும் முன்பே துப்புரவுத் தொழிலாளர்கள் அதை வாரிக் குவித்திருப்பார்கள். அதிகாலை ஐந்தரை மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே வாரியின் கரகரப்புச் சத்தம் கேட்டு விழித்திருக்கிறேன். கரை தானே சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்த நேரத்தில் ஒருமுறை எழுந்து பார்க்கவேண்டும்.

2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வோக்ஸ் மாக்ஸிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த மரின் ஹானர் என்ற எரிபொருள் கப்பலின் மீது மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. ஓதம் அதைக் கிழக்கே தள்ளிவந்து ஈஸ்ட் கோஸ்ட் மணலில் கறுப்பாகப் பூசிவிட்டது. ஜூன் பள்ளி விடுமுறை நேரம். கரையை மூடினார்கள். தொழிலாளர்களும் தொண்டூழியர்களும் எண்ணெய் தோய்ந்த மணலைச் சுரண்டிப் பைபையாகக் கட்டினார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை. பிறைவடிவக் குடாக்கள் மணலைப் பிடித்து வைப்பதுபோலவே எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொண்டன. கற்களின் இடுக்குகளில் படிந்ததை எடுப்பதுதான் ஆகக் கடினமாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவே அழுங்காமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. கொட்டிய மண், கட்டிய குடா, பின்னால் விரைவுச்சாலை வெளிச்சம். அவற்றுக்கு வேண்டியது ஈரமும் சூடும் சரியாக இருக்கும் மணல் மட்டும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். விளக்கு வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துச் சாலைப்பக்கம் போய்விடும் குஞ்சுகளை வழிப்போக்கர்கள் பார்த்துத் தகவல் சொன்ன சம்பவங்கள் உண்டு.

இப்போது வரப்போகும் மாற்றம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. கிழக்குக் கரை அதில் அடங்கும். 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு, நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்கிறது. உயர் ஓதமும் புயல் எழுச்சியும் சேரும் நாளில் நீர்மட்டம் 4 முதல் 5 மீட்டர்வரை ஏறக்கூடும். பழைய கரைக்குப் பின்னாலுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் இது ஆபத்து.

நேரான தீர்வு, கரை நெடுகச் சுவர் எழுப்புவது. அப்படிச் செய்தால் கால்வாய்கள் கடலில் கலக்கும் இடங்களில் 12 ஓதக்கதவுகளும் நீரேற்று நிலையங்களும் வேண்டும். அவற்றைக் கட்டப் பூங்காவின் பெரும்பகுதியை மூடவேண்டிவரும். கட்டி முடித்தபின் மணலுக்கும் புல்லுக்கும் நடுவே சுவர் நிற்கும். மாற்றாக அரசாங்கம் 2023 நவம்பரில் முன்வைத்ததுதான் லாங் ஐலண்ட். 1991ஆம் ஆண்டின் நீண்டகால நிலத் திட்டத்திலேயே இதன் விதை இருந்தது. மரினா ஈஸ்ட்டிலிருந்து தானா மேராவரை, இப்போதைய கரைக்கு எதிரே கடலில் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை உயரமாக எழுப்புவார்கள். அது மரினா பே வட்டாரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு. புதிய நிலத்துக்கும் பழைய கரைக்கும் இடையே அடைபடும் நீர், நாளடைவில் நன்னீராகி நாட்டின் 18ஆவது நீர்த்தேக்கம் ஆகும். சுமார் 20 கிலோமீட்டர் புதிய கரையோரப் பூங்காக்கள் கிடைக்கும் என்கிறார்கள். ஐந்தாண்டுத் தொழில்நுட்ப ஆய்வு 2024ல் தொடங்கியது. முழுதாக முடிய சில பத்தாண்டுகள் ஆகும்.

வெள்ளத்தடுப்பு, குடிநீர், நிலம் என மூன்று தேவைகளை ஒரே வேலையில் முடிக்கும் திட்டம் என்பதால் இதை எதிர்க்க எனக்கு மனமில்லை. சுவரைவிட இது மேல். ஆனால் விலை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ளவேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடற்கரைப் பூங்காவாக இராது, ஏரிக்கரைப் பூங்காவாகும். ஓதம் ஏறி இறங்காது. அலை வளைந்து மணலை ஒதுக்கும் அந்தப் பிறைகளுக்கு வேலை இராது. கற்களில் ஒட்டி வாழும் நண்டும் பவளமும் நன்னீரில் பிழைக்கா. ஆமை வந்தால் அதன் வழியில் 800 ஹெக்டர் நிலம் நிற்கும். இயற்கை ஆர்வலர்கள் எழுப்பும் கவலைகள் வெறும் பாசத்தால் வருபவையல்ல.

கடல் லாங் ஐலண்டின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். அப்போது 1966ஆம் ஆண்டுக் கேள்விதான் திரும்ப வரும்: புதிய நிலத்தின் ஆகச்சிறந்த ஓரத்தை யாருக்குக் கொடுப்பது? அன்றைக்கு விளிம்பு முழுவதையும் பொதுவில் விட்டார்கள். இன்றைய நிலவிலையில், கடலைப் பார்த்த வீட்டுக்கு இன்றிருக்கும் கிராக்கியில், அதே மனத்தோடு முடிவெடுப்பது அன்றையைவிடக் கடினம். புதிய கரை வெள்ளத்தைத் தடுக்க உயரமாக இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். நாலைந்து மீட்டர் உயரக் கற்சரிவின் மேல் நடைபாதை அமைத்து, கடலை எட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது சுலபம். ஈஸ்ட் கோஸ்டில் செய்ததுபோல் முனைகள் கட்டி, சரிவைப் படிப்படியாகத் தாழ்த்தி, ஒரு குழந்தை ஓடிப்போய்க் கால் நனைக்கும்படி மணற்பிறைகளை அமைப்பதற்குக் கூடுதல் இடமும் பணமும் செலவாகும். 1970களில் அதைச் செய்த அறிவு இந்த ஊரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

லாங் ஐலண்ட் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். நான் மூன்று வரி எழுதினேன். வெளிக்கரையில் தண்ணீர்வரை இறங்கும் மணல் வேண்டும். கட்டணமில்லாமல் கூடாரம் அடிக்க இடம் வேண்டும், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில். ஆமைக்கு இருட்டான ஒரு துண்டுக் கரை வேண்டும். மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: இந்த முறை எந்த மண்ணைக் கொட்டுகிறீர்கள் என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள், ஆணி அடிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.